த்ரீ ஃபேஸ் லோடு பிரிப்பு: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு (ஆர், ஒய், பி என மூன்று மின் லைன்கள்) இருக்கிறது. ஆனால் ஒயரிங் செய்தவர் இரண்டு ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் ஆர் ஃபேஸிலேயே ஏற்றிவிட்டார். எல்லாம் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன்: ஆரில் 24 ஆம்பியர், ஒய்யில் 3, பியில் வெறும் 2. மூன்றுக்கும் பொதுவான திரும்பும் ஒயரான நியூட்ரலிலும் 21 ஓடுகிறது! லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றுமே ஓடக்கூடாதே.

எனக்குப் பெரிய பயமே அந்த நியூட்ரல்தான். எங்காவது அது விட்டுப்போனால், லோடு குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் எகிறி 400ஐ நெருங்கும். ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் போய்விடும். ஹீட்டரை ஒய் ஃபேஸுக்கும் ஒரு ஏசியை பி ஃபேஸுக்கும் மாற்றினால் போதுமா? நியூட்ரல் துண்டிப்புக்குத் தனியாக ஓவர் வோல்டேஜ் ரிலே (வோல்டேஜ் எகிறினால் சப்ளையைத் துண்டிப்பது) போடுவது நல்லதா?

இன்னொன்று. பின்கட்டில் சின்னப் பட்டறைக்கு 3 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் வைக்கப்போகிறேன். ஓடும்போது ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் நிற்காமல் மற்ற இரண்டில் அதிகக் கரண்ட் இழுத்து காயில் கருகிவிடும் என்பது தெரியும். ஓவர்லோடு ரிலே (கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்துவது) மட்டும் போதுமா, சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரும் (ஒரு ஃபேஸ் போனாலே மோட்டாரை நிறுத்துவது) வேண்டுமா? அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் சொல்லுங்கள்.