சோல் சூடேற்றும் பெட்டியில் நிக்ரோம் சுருள் அடிக்கடி அறுந்துபோகிறது: காரணம் என்ன?

ஆம்பூர்ப் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து ஷூவுக்குச் சோல் ஒட்டித் தரும் சிறு பட்டறை நடத்துகிறேன். பசை தடவிய சோலையும் அப்பரையும் (ஷூவின் மேல்பகுதி) அழுத்துவதற்கு முன் ஏறக்குறைய 70 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டியிருப்பதால், ஒட்டுப்பலகையில் செய்து உட்புறம் தகரம் அடித்த பெட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறோம். நீளம் 2 அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. அடித்தளத்தில் பீங்கான் கட்டைகளின் மீது, 26 கேஜ் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பியைக் கையால் சுற்றிய சுருளைப் பொருத்தியிருக்கிறோம். வேலூர் லாங் பஜாரில் வாங்கிய கம்பி அது. மீட்டரில் 53 ஓம் காட்டுகிறது.

மின்சாரம் கொடுத்தால் சுருளின் ஒரு பக்கம் ஆரஞ்சு நிறமாகவும் மறுபக்கம் மங்கிய சிவப்பாகவும் எரிகிறது. சில வாரங்களில் போல்ட்டுக்கு அருகிலேயே அறுந்துவிடுகிறது. கம்பி மட்டமானது என்று கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், தவறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

காட்பாடி, மோட்டார் கட்டுபவர்

ஐயா, நீங்கள் கொடுத்த எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. 230 வோல்ட்டில் 53 ஓம் என்றால் 1000 வாட். 26 கேஜ் கம்பியின் விட்டம் 0.457 மி.மீ.; 80/20 நிக்ரோமில் (80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம்) அது மீட்டருக்கு 6.65 ஓம் அளவில் இருக்கும் என்பதால், உங்கள் சுருளில் சுமார் 8 மீட்டர் கம்பிதான் இருக்கிறது. அந்தக் கம்பியின் மேற்பரப்பு முழுவதையும் சேர்த்தால் 114 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 9 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். விசிறி இல்லாத பெட்டிக்குள் திறந்து கிடக்கும் சுருளுக்கு இது மிக அதிகம். இரவில் மின்னழுத்தம் 250 வோல்ட்டுக்கு ஏறினால் வாட்டும் 18 விழுக்காடு ஏறும்.

அதே கம்பியை 16 மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடை 106 ஓம் ஆகும், வாட் 500 ஆகப் பாதியாகும், ஆனால் மேற்பரப்பின் சுமையோ சதுர சென்டிமீட்டருக்கு 2.2 வாட்டாக, கால் பங்காக இறங்கும். உங்கள் பெட்டியின் அளவுக்கும் 70 டிகிரிக்கும் 500 வாட் தாராளமாகப் போதும்.

ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று எரிவதற்குக் காரணம் சுற்றுகளின் இடைவெளி. நெருங்கிக் கிடக்கும் சுற்றுகள் ஒன்றையொன்று சூடாக்கும். 5 மி.மீ. இரும்புக் கம்பியின் மேல் இடைவெளி விடாமல் ஒட்டிச் சுற்றினால் 16 மீட்டருக்கு 930 சுற்று அளவில் வரும். சுருளின் நீளம் 43 செ.மீ. இருக்கும். அதன் இரு முனைகளையும் பிடித்து, ஒரே சீராக, சுமார் மூன்று மடங்கு நீளத்துக்கு இழுங்கள். பகுதி பகுதியாக விரலால் விலக்கினால் இடைவெளி ஒருபோதும் சமமாக வராது.

ராணிப்பேட்டை, டேனரிப் பராமரிப்பு

மேலே சொன்ன கணக்கு சரியானது. ஆனால் நடுவில் அறாமல் போல்ட்டின் அருகில் மட்டும் அறுவதை அது முழுமையாக விளக்கவில்லை. போல்ட் தளர்ந்தால் அந்த இடத்தில் தொடுமின்தடை கூடி, சிறு பொறி ஏற்பட்டு, கம்பி அங்கேயே உருகும். அப்போது அறுந்த முனையில் சிறிய உருண்டை காணப்படும். முனை உருண்டையாக இருக்கிறதா, நொறுங்கியதுபோல் கரடுமுரடாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பட்டறைக்கு அருகில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) உண்டா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஆம்பூர்ப் பட்டறை

முனைகளில் உருண்டை இருக்கிறது, வாஷர்களும் கருகியிருக்கின்றன. ஆனால் கழற்றி வைத்த பழைய சுருளை வளைத்துப் பார்த்தபோது சில இடங்களில் சாம்பல் நிறப் பொருக்கு உதிர்ந்து, கம்பி குச்சிபோல் ஒடிந்தது. சுவருக்குப் பின்னால் டேனரியின் சுண்ணாம்புத் தொட்டிகள் இருக்கின்றன. சில நாட்களில் அழுகிய முட்டை நாற்றம் தாங்க முடியாது.

ராணிப்பேட்டை, டேனரிப் பராமரிப்பு

அப்படியானால் இரண்டு குறைகள் சேர்ந்திருக்கின்றன. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள்; அந்த நாற்றம் அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. நிக்ரோமில் பெரும்பகுதி நிக்கல். கம்பியைக் காப்பது அதன் மேல் படியும் குரோமிய ஆக்சைடு ஏடு மட்டுமே. அந்த ஏடு விரிசல் விட்ட இடத்தில் கந்தகம் நுழைந்தால், நிக்கலும் நிக்கல் சல்பைடும் கலந்து 640 டிகிரி அளவிலேயே உருகும் கலவை உண்டாகும். நிக்ரோம் தனியாக உருகுவதற்கு ஏறக்குறைய 1400 டிகிரி வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் எரியும் சுருள் இந்தக் காற்றில் நீடிக்காமல் போவதில் வியப்பில்லை.

இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கந்தால் வகைக் கம்பி இத்தகைய காற்றை மேலும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒருமுறை சிவக்கச் சூடானபின் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் என்பதால், வளைப்பது, இழுப்பது, முனை முறுக்குவது எல்லாவற்றையும் மின்சாரம் கொடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

எந்தக் கம்பியானாலும் இரு முனைகளிலும் விரற்கடை கணக்கில் விட்டுவிடாமல் ஒரு சாண் அளவுக்கு மடித்து, இரட்டையாக முறுக்குங்கள். மின்னோட்டம் இரு இழைகளில் பிரிவதால் அந்தப் பகுதி குறைவாகச் சூடாகும். போல்ட்டும் குளிர்ச்சியாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் வாஷர்களுக்கு நடுவே வைத்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்கள். ஈயப் பற்று வைக்க வேண்டாம், அந்தச் சூட்டில் உருகிவிடும். சாதாரண பி.வி.சி. வயரும் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. பெட்டிக்குள் கண்ணாடி இழை உறை போட்ட வயரையே பயன்படுத்துங்கள்.

வாணியம்பாடி

சுருள் அறுவதைப் பற்றி இவ்வளவு பேசியபின், அது அறாமல் எரிந்துகொண்டிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியது என் கடமை. இந்தப் பசைகளில் டொலுயீன், அசிட்டோன், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. டொலுயீன் ஆவி காற்றில் 1.1 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். உங்கள் பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 127 லிட்டர். அந்த அளவு ஆவிக்கு வெறும் 6 மில்லி டொலுயீன் போதும். அரைகுறையாக உலர்ந்த சில ஜோடி சோல்கள் சேர்ந்தால் அவ்வளவு வெளிவரும். அதன் அடியில் சிவந்த கம்பி கிடக்கிறது. 500 வாட்டுக்குக் குறைத்தாலும் இந்த ஆபத்து நீங்காது. திறந்த சுருளைத் தயவுசெய்து பெட்டிக்குள் வைக்காதீர்கள். மாற்றி அமைக்கும்வரை பெட்டியை நிறுத்தி வையுங்கள்.

ஆம்பூர்ப் பட்டறை

இன்றே நிறுத்திவிட்டேன். சுருளை வெளியே வைத்துச் சூடான காற்றை மட்டும் உள்ளே அனுப்ப முடியுமா? ஆட்கள் வேலை செய்யும் இடம் என்பதால், செலவு கூடினாலும் பரவாயில்லை.

காட்பாடி, மோட்டார் கட்டுபவர்

முடியும். வாணியம்பாடி ஐயா சொன்னதையே நானும் ஏற்கிறேன். கையால் சுற்றிய சுருளுக்குப் பதிலாக, உலோகக் குழாய்க்குள் அடைத்த ஃபின் (வெப்பம் பரப்பும் தகடுகள்) வைத்த ஹீட்டரை 500 வாட்டில் வாங்குங்கள். கந்தகத்தின் தொல்லையும் குறையும். அதைப் பெட்டிக்கு வெளியே தகரக் குழாயில் பொருத்துங்கள். பசை தடவும் மேசையிலிருந்து தள்ளி, வெளிக்காற்றை உறிஞ்சும் புளோயர் அதற்குப் பின்னால் இருக்கட்டும். பெட்டியின் மறுபக்கத்திலிருந்து கூரைக்கு மேல் வரை புகைபோக்கி வையுங்கள். அந்தக் காற்றை மீண்டும் ஹீட்டருக்குத் திருப்பக் கூடாது. புளோயர் ஓடினால்தான் ஹீட்டருக்கு மின்சாரம் செல்லும்படி காற்றோட்ட சுவிட்ச் போட வேண்டும். 80 டிகிரியில் நிற்கும் தெர்மோஸ்டாட், அது பழுதானால் துண்டிக்கத் தனியாக ஒரு தெர்மல் கட்-அவுட், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), பெட்டியின் தகரத்துக்கு எர்த் ஆகிய நான்கும் கட்டாயம். பசை தடவியவற்றைத் திறந்த தட்டில், காற்றோட்டமான இடத்தில், கரைப்பான் வாசனை அடங்கும்வரை உலரவிட்ட பின்பே உள்ளே வையுங்கள். காட்பாடிப் பக்கம் வந்தால் சுவிட்ச் இணைப்பை நேரில் வரைந்து தருகிறேன்.