கிழக்குத் திமோர் கால்பந்து அணிக்குத் தண்டனை ஏன்?

தூத்தூர் விங்கர்: பிரேசில்காரங்களை ஆடவிட்டதுக்கு 2017-ல நடவடிக்கை வந்துச்சே, பாஸ்போர்ட் இருந்தா போதாதா மக்களே?

வள்ளவிளை ஸ்டாப்பர்: போதாது. ஆடுறவரோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ அந்த நாட்டுல பிறந்திருக்கணும். இல்லைன்னா 18 வயசுக்குப் பிறகு தொடர்ந்து 5 வருஷம் அங்க வாழ்ந்திருக்கணும்; உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவோட அப்போதைய விதி இதுதான். பெற்றோர் திமோர்ல பிறந்ததாக் காட்ட, 12 பேருக்குப் பொய்யான பிறப்பு, ஞானஸ்நான சர்டிபிகேட் கொடுத்திருந்தாங்க. (நம்ம பங்குக் கோயில்ல ஒரு எழுத்து மாறினாலே சாமியார் விடமாட்டார்!) அவங்களை இறக்கின ஆட்டங்கள் 29.

குளச்சல் கோலி: தண்டனை, 2023 ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுலேருந்து நீக்கம். ஆனா 2019-ல மலேசியாவோட ஆடினாங்களே? அது ரெண்டு கோப்பைக்கும் பொதுவான தகுதிச்சுற்று; அவங்களுக்கு உலகக் கோப்பைத் தகுதிக்கு மட்டும்தான் கணக்கு. 7-1, 5-1 தோல்வி.