அக்கிக்கு ஐந்து வேளை மாத்திரை: பாதியில் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா?

அம்மாவுக்கு வயது 71. இடது விலாவில் அக்கி. எரிச்சல் தொடங்கிய மறுநாளே கொப்புளம் வந்தது, அன்றே மருத்துவரிடம் போய்விட்டோம். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியது ஒன்றுதான் ஆறுதல்.

அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், தினம் ஐந்து முறை, ஏழு நாள். இன்று நான்காம் நாள். புதுக் கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை, கண் பக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் வலியில் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகலில் அயர்ந்து தூங்குகிறார். தினம் ஒரு வேளையாவது தவறுகிறது. அலாரம் வைத்தேன், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தேன், வேளை எழுதிய டப்பாவும் வாங்கினேன். எழுப்பினால் குமட்டுகிறது என்று வாயை மூடிக்கொள்கிறார், பாவம்.

வாலசைக்ளோவிர் என்ற இன்னொரு மாத்திரை உடலுக்குள் போய் அசைக்ளோவிராகவே மாறுகிறது, மூன்று வேளை போதும் என்று தெரியும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள், அது சரிதான். எங்கள் மருத்துவர் விடுப்பில் இருக்கிறார்; அவருக்குப் பதில் இருப்பவர் "இதையே தொடருங்கள்" என்று முடித்துவிட்டார். அம்மாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) லேசாகக் கூடுதல், அதனால் நானாக எதையும் மாற்றப்போவதில்லை. நாளை வேறொரு மருத்துவரைப் பார்க்கிறோம்.

சிறுநீரகம் சற்றுப் பலவீனமான பெரியவர்களுக்கு, பாதியில் வாலசைக்ளோவிருக்கு மாற்றும் முன் உங்கள் மருத்துவர் என்னென்ன பரிசோதனை கேட்டார்?