பிலிம் கமெரா ஒதுங்கியது நட்டமா?

வெள்ளவத்தை வாசி:
பிலிம் கமெரா வழக்கொழிந்ததைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்ற ஒரே சொல்லில் கடந்துபோவோர், அதனோடு சேர்ந்து எது போயிற்று என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சுருளில் 36 படங்கள்தாம் என்ற எல்லை இருந்ததால், ஒளியை அளந்து, நின்று பார்த்த பின்னரே பொத்தானை அழுத்தினோம். படம் எடுத்த பின்னும் நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருளும் தலைகீழாகப் பதிந்த பிலிம், கையில் இருந்தது. அதைப் பார்க்க எந்த மென்பொருளும் வேண்டியதில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும்.

கொட்டாஞ்சேனை:
கொழும்பின் ஈரப்பதத்தில் அலுமாரியில் கிடக்கும் நெகட்டிவில் பூஞ்சணம் படியும் என்பதை ஐயா மறந்துவிட்டார். மேலும், பிலிமை வெளியார் யாரும் வந்து வீழ்த்தவில்லை. 1975இல் டிஜிற்றல் கமெராவின் முதல் மாதிரியை உருவாக்கிய ஸ்டீவன் சாசன், பிலிம் தயாரித்த கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளரே. பிலிம் விற்பனையில் கிடைத்த இலாபத்தை விட மனமின்றித் தயங்கிய அந்நிறுவனம், 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இன்னொரு பிலிம் நிறுவனமான பியூஜிபிலிமோ தன் வேதியியல் அறிவை அழகுசாதனம், மருத்துவம் ஆகியவற்றின் பக்கம் திருப்பிப் பிழைத்துக்கொண்டது.

பம்பலப்பிட்டி:
நிறுவனங்களின் கதை இருக்கட்டும்; ஸ்ரூடியோக்கள் ஏன் பிலிம் கழுவுவதை, அதாவது இரசாயனக் கரைசலில் இட்டுப் படத்தை வெளிக்கொணர்வதை, நிறுத்தின என்று பாருங்கள். வண்ண பிலிமுக்கான சீ-41 முறையில் கரைசல் ஏறத்தாழ 38 பாகை செல்சியசில் நிலையாக இருக்க வேண்டும். நாள்தோறும் சுருள்கள் வந்துகொண்டிருந்தால்தான் அதன் வீரியமும் சீராக இருக்கும். ஆகவே வாடிக்கையாளர் பாதியாகக் குறைந்தால் செலவும் பாதியாகக் குறைந்துவிடாது. இயந்திரத்தையே நிறுத்த நேரிடும். கறுப்பு வெள்ளையை மட்டும் வீட்டுக் குளியலறையிலும் கழுவலாம், அதுவும் நம் குழாய்த் தண்ணீரைப் பனிக்கட்டி போட்டு 20 பாகைக்கு இறக்கினால்.

வெள்ளவத்தை வாசி:
அந்தக் குளியலறை வேலையைத்தான் நான் கலை என்கிறேன். கொழும்பு 7இல் எவர் பெயரால் கலை மண்டபம் இருக்கிறதோ அந்தப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட், இருட்டறையில் செய்த சோதனைகளாலும் பெயர் பெற்றவர்.

கொட்டாஞ்சேனை:
நல்ல உதாரணம். 1944இல் அவர் மறைந்த பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்ப்பவை அவர் தாளில் அச்சிட்ட படங்கள். டிஜிற்றல் படத்தையும் தாளில் அச்சிடலாமே?

வெள்ளவத்தை வாசி:
அச்சிடலாம்தான், ஆனால் யார் அச்சிடுகிறார்கள்? பிலிம் காலத்தில் படத்தை ஒழுங்காகப் பார்க்கவே அச்சிட வேண்டியிருந்ததால், அக்கறையில்லாதவர் வீட்டிலும் ஓர் அல்பம் சேர்ந்தது. இப்போது திரையிலேயே பார்த்துவிடுவதால், அந்தக் கடைசி வேலையைச் செய்ய யாருக்கும் காரணமில்லை.