உறைபனி நாளில் கிரீனை மூடுவது பராமரிப்பா, சாக்கா?

காலைஆட்டம்:
எங்கள் கோல்ஃப் மைதானத்தில் இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஒன்பது நாள் காலை ஆட்டம் தள்ளிப்போனது. அதில் நான்கு நாள் பிரதான கிரீன்களை, அதாவது குழியைச் சுற்றி மிக ஒட்ட வெட்டிய புல்தரைகளை, மொத்தமாக மூடிவிட்டார்கள். ஃபேர்வே (கிரீன் வரை பந்தை அடித்துக்கொண்டு போகும் நீண்ட புல்வெளி) ஓரத்தில் ஒரு துண்டு இடத்தை ஒட்ட வெட்டி, குழி தோண்டி, கொடி நட்டு, "தற்காலிக கிரீன், இங்கே ஆடுங்கள்" என்றார்கள். அதில் பந்து உருளவே இல்லை, தத்தித் தத்திப் போகிறது.

நாங்கள் கட்டுவது பன்னிரண்டு மாதச் சந்தா. குளிரில் புல் தூங்குகிறது, வளர்வதில்லை என்று பராமரிப்புக் குழுவே சொல்கிறது. தூங்குகிற புல்லின் மேல் நான்கு பேர் நடந்தால் என்ன கெட்டுவிடும்? வெட்டும் வேலையும் இல்லை, தண்ணீர் பாய்ச்சும் வேலையும் இல்லை. இருக்கிற ஒரே வேலை வாசலில் "மூடப்பட்டது" பலகை மாட்டுவதுதானா? கோபத்தில் கேட்கவில்லை, காரணம் தெரிய வேண்டும்.

புல்தரைக்காரன்:
நான் இந்த வேலையில் இருபது குளிர்காலம் பார்த்தவன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது சார். புல் தூங்குகிறது, அதுதான் சிக்கல். கோடையில் நீங்கள் மிதித்த இடத்தைப் புல் ஒரு வாரத்தில் தானே சரிசெய்துகொள்ளும். குளிரில் அந்தச் சக்தி அதற்குக் கிடையாது. டிசம்பரில் பட்ட அடி, மண் சூடேறுகிற வசந்தம் வரை அப்படியே கிடக்கும்.

உறைபனி விழுந்த காலையில் இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்திருக்கும். அப்போது மிதித்தால் இலை வளையாது, உள்ளே செல் சுவர்கள் நொறுங்கும். அந்த நேரத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒருமுறை ஒருவர் வெள்ளை பூத்த கிரீனை அவசரத்தில் குறுக்கே கடந்து போனார். மாலை வரை பச்சையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் பதினான்கு காலடித் தடம், குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாக, கருத்துப் பிறகு பழுப்பாகி நிற்கிறது. அந்தத் தடங்கள் மறைய மூன்று மாதம் ஆயிற்று. அது ஒரே ஒருவர் நடந்தது. நாளுக்கு அறுபது பேர் நடந்தால் குழியைச் சுற்றி என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள்.

வேலை இல்லை என்றீர்களே, அதற்கும் சொல்கிறேன். உறைவதற்கு முன்னால் பாசனக் குழாய்களில் இருக்கும் நீரை அழுத்தக் காற்று விட்டு வெளியேற்ற வேண்டும். தெளிப்பான் ஒவ்வொன்றிலும் நீர் போய், புகைபோல் வந்து, வெறும் காற்று வரும்வரை நிற்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் குழாயே கெடும். ஒரு வால்வில் நீர் தங்கினாலும் போதும், வசந்தத்தில் வெடிப்பைத் தேடி மண் தோண்டுவோம். புல்வெட்டும் இயந்திரங்களின் உருளைக் கத்திகளைத் தீட்டுவதும் இந்த மாதங்களில்தான்.

காலைஆட்டம்:
சரி, வெள்ளை பூத்திருக்கும்போது மிதிக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். பத்து மணி வரை காத்திருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் சொன்ன அந்த நான்கு நாளும் பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில். பனி உருகி கிரீன் பளபளவென்று இருந்தது. அப்போதும் திறக்கவில்லை. அதற்கு என்ன காரணம்?

புல்தரைக்காரன்:
அந்தப் பளபளப்புத்தான் எனக்குப் பயம். வெறும் வெள்ளைப் பனியைவிட இந்த நிலை மோசம்.

பல இரவு தொடர்ந்து உறைந்தால் குளிர் மண்ணுக்குள் இறங்கிவிடும். பகல் வெயில் மேலே இரண்டு சென்டிமீட்டரை மட்டும் இளக்கும், அடியில் கல்லாகவே இருக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல்மண் கூழாகும். வேர் பாதி இளகிய மண்ணிலும் பாதி உறைந்த மண்ணிலும் இருக்கிறது. நீங்கள் புட் அடிக்க, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டித் தட்ட, காலைத் திருப்பி நிற்கும்போது மேல்மண் நகர்கிறது, கீழ்மண் பிடித்துக்கொள்கிறது. வேர் நடுவில் அறுந்துவிடும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். வசந்தத்தில் முதல் சூடான காற்று அடித்ததும் அந்த இடம் வாடும். அப்போது "மருந்து சரியில்லை" என்பார்கள்.

குழி வெட்டும் கருவியை இறக்கிப் பார்த்தால் தெரியும். முதலில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், அப்புறம் "டக்" என்று நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்று கிரீன் திறக்கக் கூடாது. வெயிலைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

மணல்வாளி:
புல்தரைக்காரன் சொன்ன அறிவியல் எல்லாம் சரி. நானும் இதே தொழில்தான். ஆனால் பதினெட்டு கிரீனையும் ஒரே நேரத்தில் மூடுவதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யூஎஸ்ஜிஏ 1960-இல் வெளியிட்ட முறைப்படி மணலும் சரளையும் அடுக்கிக் கட்டிய கிரீன் ஒருவிதம். அந்த இடத்துக் களிமண்ணையே குவித்துத் தட்டிய பழைய கிரீன் வேறுவிதம். முதலாவது நீரை வடியவிடும், இரண்டாவது நாள்கணக்கில் பிடித்துவைக்கும். பல மைதானங்களில் இரண்டும் கலந்துதான் இருக்கின்றன. காலையில் ஒவ்வொரு கிரீனிலும் கருவியை இறக்கிப் பாருங்கள். மூடவேண்டியது ஆறு என்றால் ஆறை மட்டும் மூடுங்கள். பதினெட்டையும் மூடுவது நமக்கு வசதி, ஆடுகிறவருக்கு நியாயமில்லை.

அப்புறம் தற்காலிக கிரீன் பற்றி. காலைஆட்டம் சொல்வது முழுக்க நியாயம். உறைபனி விழுந்த அன்று ஃபேர்வேயை ஒட்டச் சிரைத்தால் அது கிரீன் ஆகாது, இன்னொரு காயம் ஆகும். இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே இடம் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு மில்லிமீட்டராக உயரத்தைக் குறைத்து, துளையிட்டு, மணல் தூவி, உருளை ஓட்டித் தயார் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் ஆடுகிறவர் இந்த அளவு கோபப்படமாட்டார். இதைச் செய்யாத குழுவுக்கு மூடுவதற்கான தார்மீக உரிமையே பாதிதான்.

கணக்கேடு:
நான் ஒரு மைதானத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். வெளியாளாக ஒரு கேள்வி. எல்லா கிரீனுக்கும் போர்வை வாங்கிப் போட்டுவிட்டால் இந்தச் சண்டையே தேவையில்லையே? ஒருமுறை செலவு, பல ஆண்டு பயன். எங்கள் குழுவில் இதைத்தான் முன்மொழியப் போகிறேன்.

புல்தரைக்காரன்:
தயவுசெய்து அதற்கு முன் என்ன புல் என்று கேளுங்கள். பெர்முடா மாதிரி வெப்பப் பகுதிப் புல்லில் கிரீன் என்றால் போர்வை உயிர் காக்கும். வெப்பம் மைனஸ் 4 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கும் என்று தெரிந்தால் முந்தின நாளே போர்த்துவது பலரும் கடைப்பிடிக்கிற வழக்கம்.

குளிர்ப் பகுதிப் புல்லான பென்ட்டும் போவா அன்னுவாவும் இருக்கும் கிரீனில் கதை வேறு. காற்றுப் புகும் போர்வை வறண்ட காற்றிலிருந்து காக்கும், நல்லதுதான். ஆனால் உள்ளே ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் மைக்ரோடோக்கியம் பூசணத்துக்குக் கொண்டாட்டம். நான் ஒருமுறை ஐந்து நாள் தாமதமாகப் போர்வையை எடுத்தேன். கைப்பிடி அளவு செம்பழுப்பு வட்டங்கள், ஓரத்தில் இளஞ்சிவப்புப் பஞ்சு, ஒரே கிரீனில் முப்பதுக்கு மேல்.

போவாவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர்காலக் கடைசியில் இரண்டு நாள் சூடு கண்டாலே அது விழித்துக்கொள்ளும், குருத்தில் நீரை ஏற்றிக்கொள்ளும். அடுத்த இரவு திடீரென உறைந்தால் குருத்துக்குள் பனிக்கட்டி கட்டிச் செத்துப்போகும். போர்வை அதை இன்னும் சீக்கிரம் எழுப்பிவிடும். ஆகவே போர்வை என்பது ஒருமுறை செலவு இல்லை. போடவும் எடுக்கவும் காயவைக்கவும் குளிர்காலம் முழுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் கூலியை முன்மொழிவில் சேர்க்காமல் வாங்காதீர்கள்.

மணல்வாளி:
இங்கேயும் எனக்கு மாற்றுக் கருத்து. பனிக்கட்டி பாளமாகப் படியும் ஊரில் நீர்புகாத போர்வைதான் கடைசிக் கவசம். பாளத்துக்கு அடியில் காற்று நின்றுபோனால் போவா இரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. பென்ட் அதைவிட வெகுநாள் தாங்கும், நான்கு மாதம்கூட. போவா அதிகமுள்ள மைதானக்காரர் "புல் பார்த்துக்கொள்ளும்" என்று கையைக் கட்டி நிற்க முடியாது. நாற்பது நாள் தாண்டினால் கருமணல் தூவி வெயிலில் இளக்குவேன், இல்லையென்றால் பாளத்தை உடைப்பேன். உடைப்பதில் சில இடம் காயப்படும். முழுக் கிரீனும் சாவதைவிட அது மேல்.

புல்தரைக்காரன்:
உடைப்பதில் நான் உங்களைவிடத் தயங்குவேன். பாளம் இலையைக் கவ்வியிருக்கும்போது தட்டினால் குருத்தோடு வரும். ஓரத்தில் சிறிது கீறி மோந்து பார்ப்பேன். அழுகிய முட்டை மாதிரி நாற்றம் வந்தால் மட்டுமே இறங்குவேன். ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சன்னலோரம் சூட்டில் வைத்தால், பத்து நாளில் துளிர்க்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கருமணல் விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

கணக்கேடு:
பூசணத்துக்கு மருந்து அடித்தால் தீராதா?

மணல்வாளி:
முன்புபோல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் குளோரோதலோனில் என்ற பூசண மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை, இப்ரோடியோன் என்ற இன்னொரு மருந்து அதற்கு முன்பே போயிற்று. இலையுதிர் காலத்தின் பின்பாதியில் தழைச்சத்தைக் குறைப்பது, காலையில் பனித்துளியைத் துடைப்பம் ஓட்டி உதறுவது, இரும்பு சல்பேட் தெளிப்பது, வெட்டும் உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏற்றுவது, இவைதான் அன்றாடக் கை மருந்து.

நிழல்கோடு:
இவ்வளவு பேச்சில் யாரும் மரத்தைப் பற்றிப் பேசவில்லையே. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும். கோடையில் கிரீனைத் தொடாத நிழல், இந்த மாதங்களில் மதியம் வரை அதன் மேல் படுத்திருக்கும். எங்கள் மைதானத்தில் வருடா வருடம் சாகிற மூன்று கிரீனும் நிழல் கிரீன்கள்தான். உறைபனி கடைசியாக விடுவதும் அங்கேதான். இரண்டு மரத்தை எடுத்தோம், எதிர்ப்பு பலமாக இருந்தது. அதில் ஒரு கிரீன் இப்போது மற்றவற்றோடு சேர்ந்தே திறக்கிறது.

காலைஆட்டம்:
நேற்று சீக்கிரமே போய், குழி வெட்டும் ஊழியரோடு நடந்தேன். பதினொன்றாம் கிரீனில் அவர் கருவியை என் கையில் கொடுத்தார். நீங்கள் சொன்ன அந்த "டக்" கேட்டது. வெளியே வந்த துண்டில் மேலே சேறு, அடியில் வெள்ளையாக மின்னுகிற உறைந்த மண். ஒரு வேரை இழுத்துப் பார்த்தேன், இளகிய பகுதியோடு அறுந்து வந்துவிட்டது. அந்தக் கிரீனை மூடியதில் எனக்கு இனி கேள்வி இல்லை.

ஆனால் பக்கத்திலிருந்த மணல் கிரீனில் கருவி அடிவரை சுலபமாக இறங்கியது. அதையும் மூடியிருந்தார்கள். அதனால் மணல்வாளி சொன்னதில்தான் நான் நிற்கிறேன். கிரீன் கிரீனாக முடிவெடுங்கள், அதைக் காலை ஏழு மணிக்குள் சொல்லிவிடுங்கள். பாதிவழி வந்து திரும்புவதுதான் அதிகம் எரிச்சல். ஃபேர்வேயைக் காக்க வேண்டுமானால், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் குளிர்காலத்தில் செய்ததுபோல் சிறு பாய்த் துண்டு கொடுங்கள், அதன் மேல் பந்தை வைத்து அடிக்கிறோம். நான் எதிர்க்கமாட்டேன்.

புல்தரைக்காரன்:
கிரீன் கிரீனாகப் பார்ப்பதற்குக் காலையில் இரண்டு பேர் கூடுதலாக வேண்டும், சார். அதை உங்கள் குழுவில் நீங்களே கேட்டால் என் குரலைவிட எடுபடும். ஏழு மணி என்பது முடியாது. விடிகிற நேரத்தில்தான் மண் மிகவும் குளிர்ந்திருக்கும், அப்போது சொன்னால் தப்பாகப் போகும். முந்தின மாலை ஒரு உத்தேசம், காலை எட்டரைக்கு முடிவு, இப்படிச் செய்யலாம். ஆடுகிறவர் பையை ஏற்றிவரும் தள்ளுவண்டியை மட்டும் உருகும் நாள்களில் கிரீன் ஓரத்துக்கு விடவேமாட்டேன், அதில் பேச்சே இல்லை.

காலைஆட்டம்:
எட்டரை சரி. தள்ளுவண்டி விஷயத்தில் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள், தோளில் பையைச் சுமந்து பதினெட்டுக் குழி நடக்க அவர்களால் முடியாது. அவர்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

மணல்வாளி:
கிரீனுக்கு முப்பது அடி தள்ளிக் கயிறு கட்டி, வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். புட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கட்டும். கயிற்றை வாரம் இருமுறை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அங்கே ஒரு சேற்றுப் பாதை உருவாகிவிடும்.