சி.ஆர்.எம். மென்பொருளைக் கணக்கு மென்பொருளோடு இணைக்க எந்த வழி பொருத்தமானது?

கேள்வி – டர்பன்

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் சூரிய மின்தகடுகளையும் இன்வெர்ட்டர்களையும் விற்றுப் பொருத்தித் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். எங்களிடம் வரும் விசாரணைகள் இணையதளப் படிவம், வாட்ஸ்அப், தொலைபேசி என்று பல வழிகளில் வருகின்றன. விற்பனையாளர்கள் அவற்றைத் தத்தம் எக்செல் தாள்களில் குறித்துக்கொள்கிறார்கள். கணக்கரோ அலுவலகக் கணினியில் நிறுவியுள்ள சேஜ் பாஸ்டல் என்ற கணக்கு மென்பொருளில் இன்வாய்ஸ் போடுகிறார். ஒரே வாடிக்கையாளர் விற்பனைத் தாளில் ஒரு பெயரிலும் கணக்கில் வேறொரு பெயரிலும் இருப்பதால், பழைய பாக்கியைக் கட்டாதவருக்கே மறுபடியும் கடன் தவணையுடன் கொட்டேஷன் போய்விடுகிறது.

வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனைப் பேச்சுவார்த்தைகளையும் ஒரே இடத்தில் வைக்கும் சி.ஆர்.எம். மென்பொருள் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எப்படி இணைப்பது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. சோஹோவுக்கே மாறி, விற்பனையையும் கணக்கையும் ஒரே குடும்பத்து மென்பொருள்களில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் முதலாளி. ஹப்ஸ்பாட் என்ற சி.ஆர்.எம். வாங்கி, மென்பொருள்களுக்கிடையே தகவலைக் கடத்தும் இணையச் சேவைகளான சேப்பியர் அல்லது மேக் (Make) வழியாக இணைக்கலாம் என்கிறார் விற்பனை மேலாளர். ஒரு புரோகிராமரை வைத்து ஏபிஐ (பிற நிரல்கள் தகவலை வாங்கவும் தரவும் மென்பொருளில் உள்ள வாயில்) மூலம் நேரடியாக இணைத்துவிட்டால் மாதச் செலவு மிஞ்சும் என்று மூன்றாவது யோசனையும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில் – ஜோகன்னஸ்பர்க்

வணக்கம். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்தத் தகவலுக்கு எந்த மென்பொருள் அதிகாரம் உடையது என்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பெயர், தொலைபேசி எண், முகவரி, பேச்சுவார்த்தையின் நிலை ஆகியவற்றுக்குச் சி.ஆர்.எம். பொறுப்பு, இன்வாய்ஸ், வரவு, பாக்கி ஆகியவற்றுக்குக் கணக்கு மென்பொருள் பொறுப்பு. இந்தக் கோடு தெளிவாக இருந்தால், கடக்க வேண்டிய தகவல் மிகக் குறைவு என்பது தெரியவரும்: புதிய வாடிக்கையாளர் பதிவு இங்கிருந்து அங்கே போக வேண்டும், பாக்கித் தொகை அங்கிருந்து இங்கே வர வேண்டும். எல்லாவற்றையும் இருபக்கமும் ஒத்திசைக்க முயன்றால், கணக்கர் திருத்திய முகவரியை மறுநாள் சி.ஆர்.எம். பழையபடி மாற்றிவிடும், எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, உங்கள் பாஸ்டல் அலுவலகக் கணினியில் இருக்கிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. சேப்பியரும் மேக்கும் இணையத்தில் உள்ள சேவைகளோடு பேசுபவை. உங்கள் மேசைக்கடியில் இருக்கும் கணினிக்குள் அவை தாமாக நுழைய இயலாது. அந்தக் கணினியிலேயே ஒரு சிறு நிரலை நிறுவி, அது ஓடிபிசி (தரவுத்தளத்தைப் பிற நிரல்கள் வாசிக்க உதவும் பொது இணைப்பு முறை) வழியாகப் பாக்கித் தொகைகளை வாசித்து, வெளியே சி.ஆர்.எம்.மின் ஏபிஐக்கு அனுப்பும்படி செய்ய வேண்டும். மின்சாரம் போய்க் கணினி நின்றுவிட்டால், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர அந்த நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; மின்வெட்டைப் பார்த்துப் பழகிய நம் நாட்டில் இதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

இரு பக்கத்துப் பதிவுகளையும் பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். தொலைபேசி எண்ணை வைத்துப் பொருத்துவதிலும் சிக்கல் உண்டு. ஒரே எண் ஒரு தாளில் 082 என்றும், வாட்ஸ்அப்பிலிருந்து வந்த பதிவில் நாட்டுக் குறியீட்டோடு +27 82 என்றும் தொடங்கும்; மென்பொருள் அவற்றை இரண்டு ஆட்களாகவே எடுத்துக்கொள்ளும். முதலில் எல்லா எண்களையும் +27 வடிவத்துக்கு மாற்றி இரட்டைப் பதிவுகளைக் களையுங்கள். பிறகு பாஸ்டலின் வாடிக்கையாளர் குறியீட்டைச் சி.ஆர்.எம்.மில் ஒரு தனிப் புலத்தில் சேமித்து, அதன்பின் அந்தக் குறியீட்டை மட்டுமே நம்புங்கள்.

பதில் – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் உங்கள் முதலாளியின் யோசனையை இவ்வளவு விரைவாகக் கடந்துவிட வேண்டாம். ஒரே நிறுவனத்தின் மென்பொருள்களுக்கிடையே இணைப்பு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் புதிய பதிப்பு வந்தால் மறுபக்கத்தையும் அவர்களே சரிசெய்கிறார்கள். புரோகிராமரைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாத சிறு நிறுவனத்துக்கு இது பெரிய நிம்மதி. சோஹோ சென்னையில் தலைமையிடம் கொண்ட நிறுவனம் என்ற பாசம் எனக்கும் உண்டு என்றாலும், தேர்வு உங்கள் கணக்கரின் சம்மதத்தைப் பொறுத்தே அமைய வேண்டும். மாறுவதென்றால் நிதியாண்டு முடியும் இடத்தில் மாறுங்கள்.

சேப்பியரின் செலவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். அங்கே நிறைவேறும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கணக்கு ஏறும். ஒரு விசாரணை வந்ததும் தொடர்பைப் பதிவது, விற்பனை வாய்ப்பை உருவாக்குவது, விற்பனையாளருக்குச் செய்தி அனுப்புவது என்று மூன்று செயல்கள் நடந்தால், மாதம் 400 விசாரணைகளுக்கு 1,200 செயல்கள் ஆகிவிடும். கட்டணமும் டாலரில் இருப்பதால் ராண்டு சரியும்போதெல்லாம் அது கூடும்.

கொட்டேஷனைச் சி.ஆர்.எம்.மில் தயாரித்து இன்வாய்ஸைக் கணக்கில் போடுவீர்களானால், 15 விழுக்காடு வாட் வரியை எந்த இடத்தில் அருகிலுள்ள சென்ட்டுக்கு முழுமையாக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒன்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழுமையாக்கும், மற்றொன்று மொத்தத்தில் முழுமையாக்கும். சில சென்ட் வித்தியாசத்தால் வரவைப் பொருத்த முடியாமல் கணக்கர் தவிப்பார்.

பதில் – கேப்டவுன்

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமல்படுத்தப்படுகிறது. பல நாடுகளின் சட்டங்கள் தனிமனிதர்களின் தகவலை மட்டுமே காக்க, நம்முடையது நிறுவனங்களின் தகவலையும் காக்கிறது. ஆகவே, எங்கள் வாடிக்கையாளர்கள் கம்பெனிகள்தானே என்று இருந்துவிட முடியாது. சி.ஆர்.எம். நிறுவனமும் சேப்பியர் போன்ற இடைநிலைச் சேவையும் உங்கள் சார்பாகத் தகவலைக் கையாள்பவை என்பதால், பாதுகாப்பு பற்றிய எழுத்து ஒப்பந்தம் 21ஆம் பிரிவின்படி வேண்டும். தகவல் நாட்டுக்கு வெளியே செல்லுமானால் 72ஆம் பிரிவின் நிபந்தனைகளும் சேரும். நேரடி இணைப்பில் தகவல் கடக்கும் கைகள் குறைவு என்பது அதற்குள்ள நியாயமான சிறப்பு. எந்த வழியானாலும், தவணைக் கடனுக்காக வாங்கும் அடையாள எண்ணையும் வங்கிச் சான்றுகளையும் இணைப்பு வழியே அனுப்பாதீர்கள்; விற்பனையாளருக்கு அவை தேவையே இல்லை.

கேட்டவர் – டர்பன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த நிதியாண்டில் பாஸ்டலை விட்டு வர இயலாது என்று கணக்கர் உறுதியாகச் சொல்லிவிட்டார். எனவே பாக்கித் தொகையை மட்டும் சி.ஆர்.எம்.முக்குக் கொண்டுவரும் சிறு நிரலிலிருந்து தொடங்குகிறோம். இணையதளப் படிவத்துக்குச் சி.ஆர்.எம்.மிலேயே உள்ள வசதியைப் பயன்படுத்துகிறோம். புரோகிராமரிடம் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பதில் – ஜோகன்னஸ்பர்க்

நல்ல தொடக்கம். புதிய பதிவு சரியாகப் போகிறதா என்பதைத்தான் எல்லோரும் சோதிப்பார்கள். நீங்கள் மூன்று சங்கடமான நிலைகளைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரே தகவல் இருமுறை வந்தால் இரண்டு பதிவுகள் உருவாகக் கூடாது. இணைப்பு அறுந்தால் அன்றே யாருக்காவது மின்னஞ்சல் வர வேண்டும். அந்த யாராவது உங்கள் அலுவலகத்தில் பொறுப்புள்ள ஒருவராக இருக்க வேண்டும். கடைசியாக, சி.ஆர்.எம்.மில் இரு தொடர்புகளை ஒன்றாக இணைத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றுக்குச் சி.ஆர்.எம். தானாகத் தந்திருந்த உள் எண் பயன்பாட்டிலிருந்து மறைந்துவிடலாம். நிரல் அந்தப் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தால், அந்த வாடிக்கையாளரின் பாக்கி அதற்குப்பின் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். திரையில் பழைய தொகை மட்டும் தெரியும். இதைச் சரிசெய்து காட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.