புதுப்பிப்பு: அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பிபி கருவி போதுமா?

வீட்டிலேயே பிபி பார்த்து செயலி வழியாக டாக்டருக்கு அனுப்ப, அப்பாவுக்கும் எட்டு வயது மகளுக்கும் ஒரே கருவி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும், ஆனால் குழந்தைகளிடமும் சோதித்துச் சரிபார்த்த மாடலாக இருக்க வேண்டும். கைப்பட்டை மட்டும் தனித்தனி. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் வேண்டுமாம். பெரிய பட்டை சின்னக் கையில் அளவைக் குறைத்துக் காட்டும். மகளுக்கு அப்படித்தான், அவள் அளவுப் பட்டைக்கு மாறியதும் எண் ஏறிவிட்டது.

பெரியவர்களுக்கு வீட்டு அளவில் 135/85 என்று ஒரு எல்லைக்கோடு இருக்கிறது; அதைத் தொட்டாலோ தாண்டினாலோ பிபி அதிகம் என்று அர்த்தம். 13 வயதுக்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணை பார்க்க வேண்டும். எங்கள் செயலியோ இருவருக்கும் ஒரே பச்சை நிறத்தைக் காட்டுகிறது! நிறத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் அனுப்பச் சொல்லிவிட்டார் டாக்டர்.

பிபி காட்டும் கைக்கடிகாரம் பற்றியும் யோசித்தேன். பட்டை இல்லாத பல கருவிகளை அவ்வப்போது பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்; சரி, இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், அளக்கும்போது பேசக் கூடாது. அப்பாவுக்கு அதுதான் பெரும்பாடு. மகளுக்கு அடுத்த வாரம் 24 மணி நேரமும் பிபியைப் பதிவு செய்யும் கருவி மாட்டுகிறார்கள்.